இஎஸ்ஆர் சீட்டும் ஊதாங்குழலும்: நுரையீரலை ரத்தத்தில் படித்த கதை

பெரியம்மாவின் மருத்துவ ஃபைல் என்னிடம்தான் இருக்கிறது. மஞ்சள் பையில் சுருட்டி வைத்திருந்ததை, அவர் இறந்த பிறகு தூக்கிப்போட மனசில்லாமல் என்னிடம் கொடுத்துவிட்டார்கள். போன மாதம் அலமாரியை ஒழிக்கும்போது எடுத்துப் பார்த்தேன். 1994 முதல் 2011 வரை 17 வருஷத்துச் சீட்டுகள். லேப் மாறியிருக்கிறது, டாக்டர் மாறியிருக்கிறார், கையெழுத்து மாறியிருக்கிறது. மாறாமல் எல்லாச் சீட்டிலும் இருந்தது ‘இஎஸ்ஆர்’ என்ற ஒரு வரி. 48. 62. 55. 70. எண்ணைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம்.

கூடவே நாலு தடவை சளிப் பரிசோதனை. நாலு தடவையும் ‘டிபி கிருமி இல்லை’. இருமல் டானிக், ஆன்டிபயாடிக், இரும்புச்சத்து மாத்திரை. கடைசியில், 2011இல், ஒரு நீளமான தாள். அதில் வளைகோடு ஒன்று. ஒரு குழாயை வாயில் வைத்து ஊதச் சொல்லி எடுத்த ஸ்பைரோமெட்ரி பரிசோதனை. அந்த வயதுக்கும் உயரத்துக்கும் வந்திருக்க வேண்டிய காற்றில் 41 சதவீதம்தான் முதல் நொடியில் வெளியே வந்திருக்கிறது. ‘சிஓபிடி’ என்று எழுதியிருந்தார்கள். மூச்சுக்குழாய்கள் நாள்பட்டு அடைத்துப்போகும் நோய். பெரியம்மா ஒரு பீடியைக்கூடத் தொட்டவர் இல்லை. 40 வருஷம் வேலிக்கருவை விறகில் சோறாக்கியவர், உமி அடுப்பில் நெல் அவித்தவர்.

17 வருஷமாக ரத்தம் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. என்ன சொன்னது? அதைக் கேட்டும் ஏன் யாருக்கும் விஷயம் பிடிபடவில்லை? இந்தக் கேள்வியோடு படிக்க ஆரம்பித்ததில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படிங்க.

அடியில் இறங்கும் ரத்தம்

இஎஸ்ஆர் என்பது ரொம்ப எளிய பரிசோதனை. உறையாமல் இருக்க சிட்ரேட் கலந்த ரத்தத்தை ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றி, செங்குத்தாக நிறுத்தி, ஒரு மணி நேரம் விட்டுவிட வேண்டும். சிவப்பணுக்கள் மெல்லக் கீழே இறங்கும், மேலே தெளிந்த மஞ்சள் நீர் நிற்கும். எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்பதுதான் அந்த எண். அவ்வளவே.

ரத்தம் இப்படிப் பிரிவதை ஆதிகாலத்து வைத்தியர்களே பார்த்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் நோயாளியின் ரத்தத்தைக் கிண்ணத்தில் வடித்துவிடுவதே பெரிய வைத்தியமாக இருந்த காலம் உண்டு. காய்ச்சல்காரரின் ரத்தக் கட்டியின் மேல் வெளுப்பாக ஓர் ஏடு படியும். 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் வில்லியம் ஹியூசன், ஜான் ஹன்டர் போன்றவர்கள் அந்த ஏட்டை வைத்துத் தீவிரமாக ஆராய்ந்திருக்கிறார்கள். அழற்சி இருந்தால் ஏடு தடிக்கும் என்பது அன்றைய பாடம். அழற்சி என்றால் உடம்பு தனக்கு வந்த காயத்தையோ கிருமியையோ எதிர்த்துக் காட்டும் கொதிப்பு. ஆக, ரத்தத்தைப் பார்த்து அழற்சியைக் கண்டுபிடிப்பது இன்று நேற்று வந்த யோசனை இல்லை.

இதை எண்ணாக மாற்றியவர்களில் முந்தியவர் போலந்து மருத்துவர் எட்மண்ட் பியெர்னாட்ஸ்கி. 1897இல் ரத்தம் இறங்கும் வேகம் ஆளுக்கு ஆள் மாறுகிறது, நோயில் கூடுகிறது, ரத்தத்தில் இருக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்று எழுதினார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

20 வருஷம் கழித்து ஸ்வீடனில் ராபின் ஃபேரியஸ் இதே விஷயத்தை வேறொரு வழியில் கண்டார். கர்ப்பிணிகளின் ரத்தம் மற்றவர்களின் ரத்தத்தைவிட வேகமாக இறங்குவதைப் பார்த்து, கர்ப்பத்தைக் கண்டுபிடிக்க இது உதவுமா என்று யோசித்தார். 1918இல் முதல் கட்டுரை, 1921இல் விரிவான ஆய்வு. கர்ப்பத்துக்கு அது சரிப்படவில்லை, ஏனென்றால் நோயாளிகளின் ரத்தமும் அதேபோல் வேகமாக இறங்கியது. இதே ஃபேரியஸ் இன்னொன்றும் சொன்னார்: பழைய கிரேக்க வைத்தியர்கள் சொன்ன நான்கு உடல் நீர்மங்கள் என்ற கொள்கையே, கண்ணாடிப் பாத்திரத்தில் அடுக்கடுக்காகப் பிரிந்து நின்ற ரத்தத்தைப் பார்த்துப் பிறந்ததாக இருக்கலாம்னு. நிரூபிக்க முடியாத ஊகம், ஆனால் சுவாரசியமானது.

இந்த இடத்தில்தான் நுரையீரல் கதைக்குள் வருகிறது. ஃபேரியஸின் நாட்டுக்காரர் ஆல்ஃப் வெஸ்டர்கிரென், 1921இல் நுரையீரல் காசநோயாளிகளிடம் இந்தப் பரிசோதனையைச் செய்து பார்த்தார். 200 மில்லிமீட்டர் அளவுக்கோடு போட்ட குழாய், நாலு பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்று அவர் வகுத்த முறைதான் பிற்பாடு உலகத்துக்கே அளவுகோலானது. காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. நோயாளிகள் சானடோரியங்களில் மாதக்கணக்கில் வெறுமனே படுத்திருந்தார்கள். நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல ஓர் எண் கிடைத்தது பெரிய விஷயம். அப்படித்தான் இருமலும் இஎஸ்ஆரும் ஒரே சீட்டில் ஒட்டிக்கொண்டன. பெரியம்மாவின் சீட்டில் இருந்த அந்த வரிக்கு வயது அப்போதே 70க்கு மேல்.

ஏன் வேகமாக இறங்குகிறது? அழற்சி இருக்கும்போது கல்லீரல் ஃபைப்ரினோஜனை அதிகமாகச் சுரக்கும். அது சிவப்பணுக்களைக் காசு அடுக்கினாற்போல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டவைக்கும். கனத்த அடுக்கு சீக்கிரம் இறங்கும். ஆனால் வயது ஏறினாலும் இந்த எண் ஏறும். ரத்தசோகை இருந்தாலும் ஏறும். பெரியம்மாவுக்கு இரண்டும் இருந்தது. சுற்றி வட்டம் போட்ட அந்த 62இல் எத்தனை பங்கு நுரையீரல், எத்தனை பங்கு சோகை என்று அந்தக் குழாயால் சொல்லவே முடியாது.

நியூயார்க், 1930

அடுத்த எண்ணின் பெயர் சிஆர்பி. கொரோனா காலத்தில் இதைக் கேள்விப்படாத வீடு இல்லை. இதுவும் நுரையீரல் வார்டில் பிறந்ததுதான்.

ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்து மருத்துவமனையில் ஆஸ்வால்ட் ஏவரியின் குழு நிமோனியாவை ஆராய்ந்துகொண்டிருந்தது. பெனிசிலின் இன்னும் மருந்தாகவில்லை. நிமோகாக்கஸ் கிருமிக்கு எதிராக மனித ரத்தத்தில் என்ன உருவாகிறது என்று பார்ப்பதுதான் வேலை. வில்லியம் டில்லெட், தாமஸ் ஃபிரான்சிஸ் என்ற இருவர் அந்தக் கிருமியின் உடலிலிருந்து ஒரு சர்க்கரைப் பொருளைப் பிரித்து, அதற்கு ‘சி’ என்று பெயர் வைத்தார்கள். நோயாளியின் சீரத்தில் அதைக் கலந்ததும் வெண்மையாகத் திரிந்து படிந்தது.

சரி, நோய் எதிர்ப்பொருள் உருவாகியிருக்கிறது என்று நினைக்கலாம். ஆனால் கணக்கு தலைகீழாக இருந்தது. எதிர்ப்பொருள் என்றால் நோய் குணமாகும் கட்டத்தில் கூட வேண்டும். இதுவோ காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது பலமாக இருந்தது. காய்ச்சல் விட்டு ஆள் தேறியதும் காணாமல் போனது. அதோடு நிமோகாக்கஸ் தொற்றே இல்லாத வேறு நோயாளிகள் சிலரிடமும் வந்தது. 1930இல் இதை அப்படியே எழுதி வெளியிட்டார்கள்.

1941இல் ஏவரியின் குழு இது ஒரு புரதம், கால்சியம் இருந்தால்தான் ‘சி’ பொருளோடு சேரும் என்று காட்டியது. ‘சி’யோடு வினைபுரியும் புரதம், அதன் சுருக்கம்தான் சிஆர்பி. அதே வருஷம் காலின் மெக்லியோடும் ஏவரியும் அதைப் பிரித்தெடுத்தார்கள். ஏவரி, மெக்லியோட், மெக்கார்ட்டி மூவரும் 1944இல் மரபுச் செய்தியைச் சுமப்பது டிஎன்ஏதான் என்று காட்டியதும் இதே நிமோகாக்கஸை வைத்துத்தான். டில்லெட் பின்னால் ஸ்ட்ரெப்டோகைனேஸைக் கண்டுபிடித்தார், மாரடைப்பில் ரத்தக் கட்டியைக் கரைக்கப் பல காலம் கொடுத்த மருந்து. ஃபிரான்சிஸ் 1954இல் போலியோ தடுப்பூசியின் மாபெரும் சோதனையை நடத்தினார். ஒரே வராந்தாவில் எவ்வளவு நடந்திருக்கிறது பாருங்க.

சிஆர்பி இஎஸ்ஆரைவிடச் சுறுசுறுப்பானது. உடம்பில் எங்காவது தீ பற்றினால் சில மணி நேரத்தில் கல்லீரல் இதைச் சுரக்க ஆரம்பிக்கும், இரண்டு நாளில் உச்சம். அணைந்தால் சீக்கிரமே இறங்கிவிடும், பாதியாகக் குறைய சுமார் 19 மணி நேரம் போதும். ஆனால் குணம் அதேதான். நிமோனியாவிலும் ஏறும், பல் வேரில் சீழ் வைத்தாலும் ஏறும், மூட்டுவாதத்திலும் ஏறும். வீட்டில் புகை மணியடிக்கிறது, எந்த அறையில் தீ என்று மணி சொல்வதில்லை.

ஊதிக் கணக்கிட்டவர்கள்

இனி மூச்சின் பக்கம் வருவோம். இந்தக் கதை ரத்தக் கதையைவிடப் பழசு.

1846இல் ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர், தண்ணீரில் கவிழ்த்த மணி போன்ற ஒரு கருவியை வைத்து ஒரு மனிதன் முழுசாக இழுத்து முழுசாக விடும் மூச்சை அளந்தார். மாலுமிகள், போலீஸ்காரர்கள், குத்துச்சண்டைக்காரர்கள், கனவான்கள் என்று 2,000க்கும் மேற்பட்டவர்களை ஊதவைத்தார். அந்த அளவுக்கு ‘உயிர்க் கொள்ளளவு’ என்று பொருள்படும் பெயரை வைத்தவர் அவர்தான். அது உயரத்தோடு கூடுகிறது, வயதோடு குறைகிறது, காசநோயில் மற்ற அறிகுறிகளுக்கு முன்பே குறைகிறது என்று கண்டார். ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகள் இதைப் பயன்படுத்தலாம் என்றுகூட யோசித்தார். மனிதர் பிறகு ஆஸ்திரேலியா போய், 1861இல் ஃபிஜித் தீவில் இறந்தார். பெரியம்மாவின் தாளில் ‘வயதுக்கும் உயரத்துக்கும்’ என்று போட்டிருந்ததே, அது ஹட்சின்சன் போட்ட கணக்கின் வாரிசு. (இந்தக் கருவிக்குள் இன வேற்றுமைக் கணக்கு எப்படி நுழைந்தது என்பது தனிக் கதை. இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

ஹட்சின்சன் அளந்தது மொத்தக் காற்று. மூச்சுக்குழாய் அடைப்பைப் பிடிக்க வேகத்தையும் அளக்க வேண்டும். அதை 1947இல் பிரான்சில் டிஃப்பனோ என்பவர் சேர்த்தார். முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்ற அளவு. குழாய் அடைத்திருந்தால் காற்று உள்ளே இருக்கும், ஆனால் சட்டென்று வராது.

1952 டிசம்பரில் லண்டனை ஐந்து நாள் புகைமூட்டம் மூடியது. அப்போதைய கணக்கிலேயே சுமார் 4,000 பேர் கூடுதலாக இறந்தார்கள். பிரிட்டனில் நாள்பட்ட சளி இருமலை எல்லோரும் கவனிக்க ஆரம்பித்தார்கள். சார்லஸ் ஃபிளெட்சர் மேற்கு லண்டனில் வேலைபார்க்கும் ஆண்கள் 792 பேரை 1961இலிருந்து 8 வருஷம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஊதவைத்தார். ரிச்சர்ட் பீட்டோவோடு சேர்ந்து 1977இல் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

அவர்கள் கண்டது இதுதான். எல்லோருக்கும் வயதோடு மூச்சு குறைகிறது. புகைப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் வேகமாகக் குறைகிறது. மூச்சு பாதிக்கும் கீழே போகும்வரை ஆளுக்கே தெரிவதில்லை. புகையை நிறுத்தினால் போன மூச்சு திரும்பாது, ஆனால் சரிவு சாதாரண வேகத்துக்கு வந்துவிடும். அடிக்கடி சளி பிடிப்பதுதான் நுரையீரலைக் கெடுக்கிறது என்ற அன்றைய நம்பிக்கையையும் அவர்களுடைய கணக்கு ஆதரிக்கவில்லை.

இதைப் படித்ததும் எனக்கு உறைத்தது ‘ஆளுக்கே தெரிவதில்லை’ என்பதுதான். “அது ஒண்ணுமில்லப்பா, வயசாகுதுல்ல” என்று பெரியம்மா சொல்லிக்கொண்டிருந்த வருஷங்கள் அந்த வளைகோட்டுக்குள் எங்கேயோ இருக்கின்றன.

இன்னொன்றும் உறைத்தது. 792 பேரும் ஆண்கள். அடுப்படி அந்த ஆய்வில் இல்லை.

இரண்டு கதையும் சந்தித்தபோது

ரத்தக் கதையும் மூச்சுக் கதையும் ரொம்ப காலம் தனித்தனியே போயின. சேர்த்துவைத்தது இதய மருத்துவம். 1997இல் பால் ரிட்கரின் குழு, ஆரோக்கியமாகத் தெரிந்த அமெரிக்க ஆண் டாக்டர்களில் சிஆர்பி லேசாக உயர்ந்திருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பு அதிகம் வந்தது என்று காட்டியது. சிஓபிடி நோயாளிகளில் நிறைய பேர் இதய நோயில் இறப்பது ஏற்கெனவே தெரிந்ததுதான். அப்போ இரண்டுக்கும் நடுவில் ஓடுவது இந்த அழற்சியா?

ஆய்வுகள் குவிந்தன. கோபன்ஹேகன் நகரத்தில் பல்லாண்டுகளாக நடந்துவரும் ஆய்விலிருந்து 2001இல் ஒரு முடிவு வந்தது: ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் அதிகம் உள்ளவர்களுக்கு மூச்சு குறைவு, சிஓபிடிக்காக ஆஸ்பத்திரியில் சேரும் அபாயமும் அதிகம். 2004இல் 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சிஓபிடி உள்ளவர்களிடம் சிஆர்பி, ஃபைப்ரினோஜன், வெள்ளையணு எல்லாமே உயர்ந்திருந்தன. 2007இல் மறுபடி கோபன்ஹேகன்: மூச்சுக்குழாய் அடைப்பு உள்ள 1,302 பேரில் சிஆர்பி 3 மில்லிகிராமுக்கு மேல் இருந்தவர்கள் அதிகமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், அதிகமாக இறந்தார்கள். அமெரிக்காவில் 18 முதல் 30 வயது வரையிலான இளைஞர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்த ஆய்வில், இளமையில் இந்த அளவுகள் உயர்ந்திருந்தவர்களுக்கு நடுவயதில் மூச்சு குறைந்திருந்தது. நோய் தெரிவதற்கு வெகுமுன்பே ரத்தத்தில் குறி தெரிகிறது.

அடுத்து யாருக்கும் தோன்றுவது என்ன? அழற்சியை அடக்கு, நுரையீரல் தப்பிக்கும். இங்கேதான் சறுக்கல்.

கோபன்ஹேகன் ஆட்களே 2011இல் ஒரு தந்திரமான சோதனை செய்தார்கள். சிலருக்குப் பிறவியிலேயே, மரபணுக் காரணத்தால், சிஆர்பி கொஞ்சம் கூடுதலாக இருக்கும். சிஆர்பிதான் நுரையீரலைக் கெடுக்கிறது என்றால் இவர்களுக்கு சிஓபிடி அதிகம் வர வேண்டும். வரவில்லை. அதாவது சிஆர்பி சாட்சி மட்டும்தான், குற்றவாளி இல்லை. அழற்சியின் முக்கியமான ஒரு கண்ணியை முடக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்து மூட்டுவாதத்தில் அருமையாக வேலை செய்யும். சிஓபிடியில் கொடுத்துப் பார்த்து 2007இல் வெளியிட்டார்கள், பயன் இல்லை. சிஆர்பியையும் குறைக்கக்கூடிய கொழுப்பு மாத்திரையான சிம்வாஸ்டாட்டினை 885 நோயாளிகளிடம் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள். நோய் திடீரென முற்றும் சமயங்கள் ஒன்றும் குறையவில்லை.

2015இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் ஃபைப்ரினோஜனுக்கு ஓர் அங்கீகாரம் தந்தது. எதற்கு? மருந்துச் சோதனைகளுக்கு அபாயம் அதிகமுள்ள சிஓபிடி நோயாளிகளைப் பொறுக்கி எடுக்க. நோயைக் கண்டுபிடிக்க இல்லை, சிகிச்சையை முடிவுசெய்யவும் இல்லை. வெஸ்டர்கிரெனுக்குப் பிறகு கிட்டத்தட்ட 100 வருஷம் கழித்து, அவர் குழாயில் ரத்தத்தை இறக்கிய அதே புரதம் போய்ச் சேர்ந்த இடம் இது.

மதனப்பள்ளியிலிருந்து வேலூர் வரை

அப்படியானால் ரத்தத்தைப் பார்த்து நுரையீரலைக் காப்பாற்றவே முடியாதா? முடிந்திருக்கிறது. அதுவும் நம்ம பக்கத்தில்.

அன்றைய சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில், மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஆரோக்கியவரம் என்ற காசநோய் சானடோரியம். டென்மார்க்கிலிருந்து வந்த டாக்டர் ஃப்ரிமோட்-மொல்லர் அதை நடத்தினார். அங்கே சில விசித்திரமான நோயாளிகள். இரவில் இருமல், மூச்சிரைப்பு, எடை குறைவு. எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் காசநோய் போலவே இருக்கும். சளியில் கிருமி மட்டும் இல்லை. பெரியம்மாவின் சீட்டில் இருந்த அதே வாக்கியம்.

ஆனால் ஃப்ரிமோட்-மொல்லரும் பார்ட்டனும் வெள்ளையணுக்களை வகை பிரித்து எண்ணினார்கள். ஈசின் என்ற சிவப்புச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈசினோஃபில் என்று ஒரு வகை உண்டு, 1879இல் பால் எர்லிக் அடையாளம் காட்டியது. ஆரோக்கியமானவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500க்குள் இருக்கும். இந்த நோயில் அது 3,000ஐ எல்லாம் தாண்டும். 1940இல் ‘காசநோய் போலத் தோன்றும் ஒரு நிலை’ என்று எழுதினார்கள். 1943இல் வெய்ன்கார்ட்டன் என்ற டாக்டர் இந்தியாவில் தான் பார்த்த 81 பேரை வைத்து ‘டிராபிகல் ஈசினோஃபிலியா’ என்று பெயர் சூட்டினார். ஆர்சனிக் கலந்த ஊசிமருந்துக்கு நோய் கேட்டது.

ஏன் வருகிறது? சிங்கப்பூரில் டி.ஜே. தனராஜ், பின்னாளில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவரானவர், 1950களின் கடைசியில் இரண்டு விஷயங்களைக் காட்டினார். இந்த நோயாளிகளின் ரத்தத்தில் யானைக்கால் புழுவுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கிறது. யானைக்கால் மருந்தான டைஎத்தில்கார்பமசைன் கொடுத்தால் குணமாகிறது. ஆனால் இவர்களுடைய ரத்தத்தில் புழுக்குஞ்சு இல்லையே, அது எங்கே? பதில் 1960இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்தது. வெப், ஜாப், கால்ட் என்ற மூவர் நோயாளிகளின் நுரையீரல், கல்லீரல், நிணநீர் முடிச்சுத் திசுக்களை வெட்டிப் பார்த்து அங்கே சிக்கிக் கிடந்த நுண்புழுக்களைக் காட்டினார்கள். உடம்பு அவற்றை ரத்தத்தில் சுற்றவிடாமல் நுரையீரலில் பிடித்து வைத்துப் போராடுகிறது. அந்தப் போராட்டம்தான் நோய்.

20 வருஷத்தில் ஓர் எண்ணிலிருந்து காரணத்துக்கும், காரணத்திலிருந்து மருந்துக்கும் போய்விட்டார்கள். மூன்று வாரம் மாத்திரை, பெரும்பாலானவர்கள் எழுந்து நடந்துவிடுவார்கள். தாமதமானால் மட்டும் நுரையீரல் தழும்பேறிச் சுருங்கிப்போகும். சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தில் வி.கே. விஜயனும் மற்றவர்களும் 1990 வாக்கில், மருந்து முடித்த பிறகும் சிலருடைய நுரையீரலின் அடியில் அழற்சி லேசாகப் புகைந்துகொண்டே இருப்பதைக் காட்டினார்கள்.

சிஆர்பி போகாத தூரம் ஈசினோஃபில் ஏன் போனது? என் புரிதல் இது: சிஆர்பியும் இஎஸ்ஆரும் எல்லாத் தீக்கும் ஒரே மணி. ஈசினோஃபில் சில வகைத் தீக்கு மட்டும் அடிக்கும். அதைவிட முக்கியம், மதனப்பள்ளியிலும் வேலூரிலும் எண்ணைச் சுற்றி வட்டம் போட்டதோடு நிற்கவில்லை. ‘ஏன்?’ என்று அடுத்த கேள்விக்குப் போனார்கள். இப்போது சிஓபிடியிலும் ஈசினோஃபில் திரும்பி வந்திருக்கிறது. 2019இலிருந்து உலக வழிகாட்டுதலில், அடிக்கடி நோய் முற்றுபவர்களுக்கு இந்த எண் 300க்கு மேல் இருந்தால் ஸ்டீராய்டு இன்ஹேலர் நல்ல பலன் தரும், 100க்குக் கீழே என்றால் பலன் சொற்பம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு முடிவெடுக்க உதவும் எண், அது போதும்.

திரும்ப ஃபைலுக்கு

ஃபைலில் இருந்த டாக்டர்கள் யாரையும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. டிபி நிறைந்த ஊரில் இருமலோடு வந்தவருக்கு இஎஸ்ஆரும் சளியும் பார்ப்பது நியாயம்தான். குழாய் மலிவு, எந்தச் சின்ன லேபிலும் இருக்கும். ஊதும் கருவி அப்போது அந்தப் பக்கத்தில் எங்கே இருந்தது? ஆனால் நாலாவது தடவையும் கிருமி இல்லை என்று வந்தபோது, “வீட்டில் என்ன அடுப்பு?” என்று ஒருவர் கேட்டிருக்கலாம். அதற்கு ரத்தமே வேண்டாம்.

புகைக்காதவர்களுக்கும் சிஓபிடி வரும், விறகுப் புகை அதற்கு ஒரு பெரிய காரணம் என்பதை 2009இல் புனேயைச் சேர்ந்த சுந்தீப் சால்வியும் லண்டனின் பீட்டர் பார்ன்ஸும் ‘லான்செட்’ இதழில் விரிவாக எழுதினார்கள். உலகில் இன்னும் சுமார் 200 கோடிப் பேர் புகையடுப்பில்தான் சமைக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தப் புகையும் ரத்தத்தில் அழற்சிக் குறிகளை ஏற்றும். அந்த 48, 62, 55, 70இல் ஒரு பங்காவது அடுப்புப் புகையாக இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். எத்தனை பங்கு என்று இனி யாராலும் பிரிக்க முடியாது.

2011இல் அந்தப் பரிசோதனைக்குப் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். குழாயை வாயில் வைத்து “ஒரே மூச்சா ஊதுங்கம்மா, நிறுத்தாம, நிறுத்தாம” என்று அந்தப் பெண் சொன்னதும் பெரியம்மா சிரித்துவிட்டார். “ஊதாங்குழல்ல ஊதாத ஊத்தா?” என்றார். மூன்று தடவை ஊதினார். மூன்று தடவையும் வளைகோடு பாதியிலேயே தொங்கிவிட்டது. அதற்குப் பிறகு கேஸ் அடுப்பு வாங்கிக்கொடுத்தோம், இன்ஹேலரும் வந்தது. இரண்டு வருஷம் இருந்தார்.

உங்கள் வீட்டில் விறகடுப்பில் பல வருஷம் சமைத்த அம்மாவோ அத்தையோ இருந்து, இருமலும் மாடிப்படியில் இளைப்பும் இருந்தால், ரத்தச் சீட்டோடு விட்டுவிடாதீங்க. ஒருமுறை ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்யலாமா என்று டாக்டரிடம் கேளுங்க. சிஓபிடி இருக்கா இல்லையான்னு உறுதிசெய்வது இன்றைக்கும் அந்த ஊதல்தான். ஹட்சின்சன் அதைச் செய்து காட்டி 175 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.